ஒன்று நின்றால் இன்னொன்று

ராஜபாளையம் மீன்கடையில் வஞ்சிரத் துண்டைத் தராசில் வைத்ததும் விலைக்காக நாம் ஒரு சண்டை போடுகிறோமே, அந்த மீனுக்காக நடந்த இரண்டாவது சண்டை அது. முதல் சண்டை கடற்கரையில் எப்போதோ நடந்து முடிந்திருக்கும். எத்தனை எச்.பி.? ஒன்றா, ரெண்டா? பழசா, புதுசா? மண்ணெண்ணெயா, டீசலா? அண்ணன் தம்பி மூன்று நாள் பேசாமல் இருப்பார்கள். மாமனார் நடுவில் வருவார். மெக்கானிக் சிரிப்பார். கடைசியில் ஒரு எஞ்சின் வள்ளத்தில் ஏறும், அதற்கப்புறம்தான் மீன் பெட்டிக்குள் போகும், ஐஸ் விழும், லாரி தூத்துக்குடியிலிருந்தோ செங்கோட்டை வழியாகக் கொல்லத்திலிருந்தோ நம் ஊருக்குக் கிளம்பும்.

அந்த முதல் சண்டையைத்தான் நான் எட்டிப் பார்க்கப் போனேன். மேற்குத் தொடர்ச்சி மலையைப் பார்த்து வளர்ந்தவனுக்குக் கடல் என்றாலே ஒரு கிறுக்கு உண்டு. அதிலும் எஞ்சின் என்றால் கேட்கவே வேண்டாம்!

பார்க்கப் போகிறவர்கள் மீன்பிடித் தடைக்காலத்தில் போங்கள். கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, கன்னியாகுமரி மாவட்டத்தின் மேற்குக் கரையில் ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை, 61 நாள் விசைப்படகுகள் கடலுக்குப் போகக் கூடாது. 2001இல் தொடங்கியபோது 45 நாளாக இருந்தது, 2017இலிருந்து 61 நாள். மீன் பெருகுவதற்கான தடை இது. ஆனால் கரையில் அந்த நாட்களில்தான் திருவிழா. தண்ணீருக்குள் இருக்கும்போது பெரிய மனிதர் மாதிரி நிற்கும் படகு, கரையேறினதும் அடிவயிறு வரைக்கும் காட்டிவிடுகிறது. சிப்பி ஒட்டிய அடிப்பலகை, பச்சைப் பாசி, வெண்கலப் புரொப்பல்லர், சுக்கான் எல்லாம் வெளியே. எஞ்சினை அக்கக்காகக் கழற்றித் தார்ப்பாயில் பரப்பியிருப்பார்கள். பிஸ்டன் ஒரு பக்கம், வால்வு ஒரு பக்கம், டீசலில் ஊறும் போல்ட்டுகள் ஒரு பக்கம். பக்கத்தில் குந்திக்கொண்டு பார்த்தால் யாரும் விரட்டுவதில்லை. இரண்டு கேள்வி கேட்டால் ஐந்து பதில் வருகிறது.

முதலில் குளச்சல், முட்டம் பக்கம் போவோம். அங்கேதான் இரட்டை எஞ்சின் என்பது வெறும் ஆடம்பரம் இல்லை என்று புரிகிறது.

அந்தக் கரையில் அலை கரையிலேயே உடைகிறது. துறைமுகத்துக்குள் கட்டிய படகாக இருந்தால் நிதானமாகக் கிளம்பலாம். மணலிலிருந்து தள்ளும் ஃபைபர் வள்ளத்துக்கு இரண்டு அலைக்கு நடுவில் கிடைக்கும் இடைவெளிதான் வாசல். அந்த நேரத்தில் எஞ்சின் இருமினால் வள்ளம் குறுக்கே திரும்பிவிடும், அடுத்த அலை அதைப் புரட்டிவிடும். அதனால்தான் பின்பலகையில் பக்கத்துப் பக்கத்தில் இரண்டு அவுட்போர்டு எஞ்சின் தொங்குகிறது. யமஹா, சுசுகி. பெரும்பாலும் 9.9 எச்.பி. ‘நைன் பாயிண்ட் நைன்’ என்று பள்ளிக்கூடம் போகாத பெரியவர்கூடத் தெளிவாகச் சொல்கிறார்.

அதென்ன பத்து இல்லாமல் 9.9? அமெரிக்காவில் பல ஏரிகளில் 10 எச்.பி.க்கு மேல் எஞ்சின் கூடாது என்று கட்டுப்பாடு உண்டு. அந்தக் கோட்டுக்கு ஒரு மயிரிழை கீழே நிற்பதற்காகக் கம்பெனிகள் 9.9 என்று ஒரு வரிசையையே கொண்டுவந்தன. யாரோ ஒரு நாட்டில், யாரோ பொழுதுபோக்குக்குத் தூண்டில் போடுவதற்காக ஏற்பட்ட எண், இங்கே குளச்சல் மணலில் ஒரு குடும்பத்தின் சாப்பாட்டுக் கணக்காக மாறி நிற்கிறது. எனக்கு இதைக் கேட்டதிலிருந்து உற்சாகம் அடங்கவேயில்லை!

ஆனால் 9.9 இந்தக் கரையில் நிலைத்ததற்குக் காரணம் அந்த எண் இல்லை. தோள். இரண்டு ஸ்ட்ரோக் 9.9 எஞ்சின் ஏறக்குறைய 40 கிலோ. ஒரு ஆள் தோளில் வைத்து மணலில் நடந்து வீட்டுக்குக் கொண்டுபோய் விடலாம். 25 எச்.பி. என்றால் இரண்டு பேர் வேண்டும், 40 எச்.பி. என்றால் கழியில் கட்டித்தான் தூக்க வேண்டும். இரவில் கரையில் விட்டுவிட்டுப் போகவும் மனம் வராது. ஆகவே எஞ்சின் அளவைத் தீர்மானிப்பதில் கம்பெனிப் புத்தகத்துக்கு எவ்வளவு பங்கோ அவ்வளவு பங்கு வீட்டுக்கும் கரைக்கும் நடுவில் உள்ள மணல் தூரத்துக்கும் உண்டு.

ஒரு வாங்கல் பேச்சைப் பக்கத்தில் நின்று கேட்டேன். மருமகன் இளைஞர், கையில் போன், போனில் எஞ்சின் படம்.

“மாமா, ரெண்டு நைன் பாயிண்ட் நைன் எதுக்கு? ஒத்த இருபத்தஞ்சு போட்டா வேகமும் கூடும், ஒரு எஞ்சினுக்கு மட்டும் வேலை பார்த்தாப் போதும்லா?”

“மக்கா, கரையில நிக்கும்போது நீ சொல்லது சரி. பத்து மைலு வெளிய வச்சு அந்த ஒத்த எஞ்சினு நின்னுபோச்சுன்னா உன் இருபத்தஞ்சு என்ன செய்யும்? கனமா கெடக்கும்.”

இவ்வளவுதான் விஷயம். இதைச் சுற்றித்தான் மற்ற எல்லாக் கணக்கும். இரட்டை எஞ்சின் வாங்குகிறவர் மொத்தம் எத்தனை எச்.பி. என்று முதலில் கேட்கக் கூடாது. ஒன்று நின்ற பிறகு மிச்சமிருக்கும் ஒன்று, அன்றைக்கு ஏற்றியிருக்கும் மீனோடும் வலையோடும், எதிர்க்காற்றில், கரை சேர்க்குமா என்று கேட்க வேண்டும். சேர்க்கும் என்றால் அதுதான் அளவு. 2017 நவம்பர் கடைசியில் அடித்த ஒக்கி புயலை இந்தக் கரை மறக்கவில்லை. அந்தப் பேச்சு நடந்தபோது சுற்றி நின்றவர்கள் யாரும் மருமகனைக் கேலி செய்யவில்லை, மாமனாரையும் அவசரப்படுத்தவில்லை.

இன்னொரு நுணுக்கத்தை மெக்கானிக் சொன்னபோது நான் துள்ளாத குறை. ஒரே கேனிலிருந்து இரண்டு எஞ்சினுக்கும் குழாய் போட்டால் அது இரட்டை எஞ்சினே இல்லை! மண்ணெண்ணெயில் தண்ணீர் கலந்திருந்தால் இரண்டும் அடுத்தடுத்து நிற்கும். ஒன்று நின்று, ஏன் நின்றது என்று யோசிப்பதற்குள் மற்றதும் போய்விடும். தனித்தனிக் கேன், தனித்தனிக் குழாய், தனித்தனி ஃபில்டர் இருந்தால்தான் இரண்டு எஞ்சின் என்று எண்ணலாம். மண்ணெண்ணெய் எஞ்சின் கிளம்புவதற்குக் கொஞ்சம் பெட்ரோலும் வேண்டும். பெட்ரோலில் கிளப்பிச் சூடானதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவார்கள். அந்தப் பெட்ரோல் புட்டியும் இரண்டு இருக்கிறதா என்று கண்ணால் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஒற்றைப் பெரிய எஞ்சினுக்கும் நியாயம் உண்டு, மறைக்கக் கூடாது. இரண்டு எஞ்சினின் கால்கள் தண்ணீருக்குள் இழுபடும், அந்த இழுபாடு வீண். எடை கூடும். இரண்டு மடங்கு பிளக், இரண்டு மடங்கு சர்வீஸ். இரண்டு சிறிய புரொப்பல்லரைவிட மெதுவாகச் சுற்றும் ஒரு பெரிய புரொப்பல்லர் எரிபொருளை நன்றாகத் தள்ளுவிசையாக மாற்றும். கரையை ஒட்டி, இன்னொரு வள்ளத்தின் கண்ணுக்கெட்டும் தூரத்திலேயே வலை வீசுகிறவர் ஒற்றை எஞ்சின் வைத்துக்கொண்டு இரண்டாவதன் காசில் நல்ல வலை வாங்கலாம் என்பது என் கட்சி. ஆழத்துக்குப் போகிறவரிடம் நான் அப்படிச் சொல்ல மாட்டேன்.

முட்டத்துக்கு இதில் ஒரு பழைய பெருமை இருக்கிறது. ‘அலைகள் ஓய்வதில்லை’ படத்தால் நமக்கெல்லாம் தெரிந்த ஊர், படகுக்காரர்களுக்கு வேறொன்றால் தெரிந்த ஊர். கட்டுமரத்துக்கு அடுத்து என்ன என்று தேடிய காலத்தில், பிளைவுட் பலகையில் சிறிய படகு கட்டும் முயற்சி அங்கே நடந்தது. அதில் இறங்கி வேலை பார்த்த பியர் ஜிலே, 1985இல் அந்தப் பாடுகளையெல்லாம் ‘ஸ்மால் இஸ் டிஃபிகல்ட்’ என்று ஒரு புத்தகமாகவே எழுதினார். திருவனந்தபுரத்தைத் தலைமையிடமாகக் கொண்டு மீனவர் சங்கங்கள் சேர்ந்து அமைத்த தென்னிந்திய மீனவர் சங்கங்களின் கூட்டமைப்பு, படகு கட்டுவதையும் அவுட்போர்டு பழுதுபார்ப்பதையும் கையில் எடுத்தது. மலைக்கு அந்தப் பக்கம் கொல்லம், ஆலப்புழைக் கரைகளில் எச்.பி. ஏறிக்கொண்டே போனது. ரிங் வலை வள்ளங்களில் 40 எச்.பி. அவுட்போர்டுகளை இரண்டு, மூன்று என்று மாட்டினார்கள். பக்கத்து வள்ளம் முந்திக்கொண்டு மீன்கூட்டத்தைச் சுற்றிவிட்டால் நமக்கு மீன் இல்லை, ஆகவே அவனைவிட ஒன்று கூட. அவனும் அப்படியே நினைப்பான். மீன் என்னவோ கடலில் இருந்ததுதான்.

இனி தூத்துக்குடிக்கு வாருங்கள். ராஜபாளையத்திலிருந்து மூன்று மணி நேரச் சொச்சம். இங்கே ஆட்டம் வேறு. விசைப்படகு. எஞ்சின் படகின் வயிற்றுக்குள். பேச்சு ‘அண்ணாச்சி’ என்று ஆரம்பிக்கும்.

தூத்துக்குடி விசைப்படகுகள் விடிகாலை 5 மணிக்குக் கிளம்பி இரவு 9 மணிக்குள் திரும்ப வேண்டும் என்பது ஏற்பாடு. இதைக் கேட்டதும் எனக்கு எல்லாம் புரிந்துவிட்டது! பதினாறு மணி நேரம். அதில் போக எவ்வளவு, வர எவ்வளவு? மிச்சம்தான் மடி, அதாவது இழுவலை, இழுக்கும் நேரம். போய்வரும் நேரத்தில் ஒரு மணியை மிச்சப்படுத்தினால் இன்னொரு இழுப்பு இழுக்கலாம். எச்.பி. ஆசையை ஊட்டுவது இந்தக் கடிகாரம்தான், படகுக்காரரின் பகட்டு இல்லை.

அந்த ஆசைக்குக் கடல் போடும் கணக்கு கடுமையானது. தண்ணீரை விலக்கிக்கொண்டு போகும் படகுக்கு, அதன் நீர்மட்ட நீளம் ஒரு வேக எல்லையை வைத்திருக்கிறது. நீளத்தை அடியில் எடுத்து, வர்க்கமூலம் கண்டு, 1.34ஆல் பெருக்குங்கள். 36 அடி என்றால் எட்டு நாட் வேகம், அதாவது மணிக்கு எட்டு கடல்மைல். 64 அடி என்றால் பத்தே முக்கால். அதற்குமேல் படகு தானே எழுப்பிய அலையின் மேட்டில் ஏற வேண்டியிருக்கும், எஞ்சினை இரட்டிப்பாக்கினாலும் வேகம் கொசுறுதான் கூடும். கறுப்புப் புகை மட்டும் நிறையக் கூடும்.

எல்லைக்குள்ளேயும் சலுகை இல்லை. வேகம் கூடக் கூட, தேவைப்படும் சக்தி அதன் மும்மடிப் பெருக்கத்தில் ஏறும். ஒரு படகு எட்டு நாட் ஓட 60 எச்.பி. கேட்கிறது என்று வைத்துக்கொள்வோம். ஏழு நாட்டுக்கு 40 போதும். டீசல் எஞ்சின் ஒரு எச்.பி.க்கு மணிக்குச் சுமார் 0.2 லிட்டர் குடிக்கும். 24 கடல்மைல் தூரத்துக்கு எட்டு நாட்டில் மூன்று மணி நேரம், 36 லிட்டர். ஏழு நாட்டில் மூன்று மணி இருபத்தாறு நிமிடம், சுமார் 28 லிட்டர். இருபத்தாறு நிமிடத்துக்கு எட்டு லிட்டர்! இதைத் தாளில் போட்டுக் காட்டினதும் ஒரு அண்ணாச்சி தாளை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். “டிரைவர்ட்ட காட்டணும் இத” என்றார்.

இந்தக் கணக்கு நான் கண்டுபிடித்தது இல்லை. நார்வேக்காரர் ஓய்விந்த் குல்பிரான்ட்சன் சென்னையில் இயங்கிய வங்காள விரிகுடாத் திட்டத்துக்காக, சிறிய படகுகளில் எரிபொருள் செலவைக் குறைப்பது பற்றி 1986இலேயே எழுதினார். 2012இல் உலக உணவு வேளாண்மை நிறுவனத்துக்காக அதையே விரிவாக ஒரு கையேடாக்கினார். எஞ்சினைக் கொஞ்சம் நிதானமாக ஓட்டு, அடிப்பலகையைச் சுத்தமாக வை, புரொப்பல்லரைப் பெரிதாக்கி மெதுவாகச் சுற்று. அவ்வளவுதான் அவர் சொன்னது. இந்தியாவில் விசைப்படகுக்கு வழி திறந்த இந்தோ-நார்வே திட்டம் 1953இல் கொல்லத்துக்குப் பக்கத்தில் நீண்டகரையில் தொடங்கியது. எஞ்சின் வைக்கக் கற்றுக்கொடுத்த நாட்டிலிருந்தே, அதை அடக்கி ஓட்டக் கற்றுக்கொடுக்கவும் ஒருவர் வந்தார்!

மடி இழுக்கும்போது வேகம் இரண்டரை, மூன்று நாட்தான். அங்கே வேண்டியது இழுவை. ஸ்ரீவில்லிபுத்தூர்க்காரர்களுக்கு இதை விளக்க வேண்டியதே இல்லை. ஆடிப்பூரத்தன்று ஆண்டாள் தேர் நிலையைவிட்டு அசையும் அந்த முதல் நொடியில் எத்தனை ஆயிரம் கைகள் வடத்தில் இருந்தாலும், சக்கரத்துக்குப் பின்னால் நெம்புத்தடி போடுகிறவர் சரியான இடத்தில் போட்டால்தான் தேர் நகரும். படகில் அந்த நெம்புத்தடி கியர்பாக்ஸ். நிமிடத்துக்கு 1,800 சுற்றும் எஞ்சினை நாலுக்கு ஒன்று என்று குறைத்தால் புரொப்பல்லர் 450 சுற்றும். இரண்டுக்கு ஒன்று என்றால் 900. ஒரே எஞ்சின், ஒரே டீசல். ஆனால் மெதுவாகச் சுற்றும் பெரிய புரொப்பல்லர் மடியை இழுத்துக்கொண்டு போகும், வேகமாகச் சுற்றும் சின்னது தண்ணீரை நுரையாக்கிவிட்டு நிற்கும். எஞ்சின் விலை பேசும்போது எச்.பி.யை மட்டும் பேசி, கியர் விகிதத்தைக் கேட்காமல் முன்பணம் கொடுக்கிறவர்களைப் பார்த்தால் எனக்குப் பதறுகிறது. கேளுங்கள் அய்யா, அதை முதலில் கேளுங்கள்!

இழுபடுகிற பொருளையும் பார்க்க வேண்டும். ராஜபாளையத்துக்காரர்கள் நூல் கவுண்ட்டை விரல் நுனியில் சொல்கிறவர்கள் ஆயிற்றே, உடனே பிடிபடும். மடியில் நூல் தடிமன் குறைந்தால், அது தாங்கும் வரைக்கும், தண்ணீரில் இழுவை குறையும். கண்ணி பெரிதானாலும் குறையும். முன்பகுதியில் பெரிய கண்ணியும் மெல்லிய பலமான நூலுமாக மடியை மாற்றினவருக்கு அடுத்த பெரிய எஞ்சின் தேவைப்படாமலே போகலாம்.

பெரியதாக வாங்க ஆசைப்பட்டாலும் சட்டம் கோடு போட்டிருக்கிறது. தமிழ்நாடு கடல் மீன்பிடி ஒழுங்குமுறைச் சட்டம் 1983இல் வந்தது. 2020 விதிகளின்படி படகு 24 மீட்டரையும் எஞ்சின் 240 எச்.பி.யையும் தாண்டக் கூடாது. அதிவேகச் சீன எஞ்சின் பற்றிக் கரையில் நடந்த மோதல்களைச் செய்தித்தாளில் படித்திருப்பீர்கள். சட்டத்தை விடுங்கள், டீசலே ஒரு கோடு போடுகிறது. விசைப்படகுக்கான வரிவிலக்கு டீசல் ஆண்டுக்கு 18,000 லிட்டரிலிருந்து 19,000 ஆகும் என்று 2023 ஆகஸ்டில் மண்டபத்தில் நடந்த மீனவர் மாநாட்டில் முதலமைச்சர் அறிவித்தார். 240 எச்.பி.யை முழு வேகத்தில் விட்டால் மணிக்கு 48 லிட்டர். 19,000 லிட்டர் நானூறு மணி நேரத்துக்குக்கூட வராது. பதினாறு மணி நேரக் கணக்கில் இருபத்தைந்து நாள் கடல்! யாரும் நாள் முழுக்க முழு வேகத்தில் ஓட்டுவதில்லை என்பது உண்மைதான். பாதிச் சக்தியில் ஓட்டினால் ஐம்பது நாள். அதற்குமேல் ஒவ்வொரு லிட்டரும் முழு விலைக்கு. இந்தத் தொகையைச் சுவரில் எழுதி வைத்துவிட்டு எஞ்சின் கடைக்குக் கிளம்புங்கள்.

எனக்கு மிகப் பிடித்த காட்சி ஒன்று இருக்கிறது. கரையில் வைத்து எஞ்சினையும் புரொப்பல்லர் தண்டையும் நேர்படுத்தி போல்ட் இறுக்கிவிட்டார்கள். வேலை முடிந்தது என்று நினைத்தேன். மிஸ்திரி சிரித்தார். படகு தண்ணீரில் இறங்கியதும் மறுபடியும் பார்க்க வேண்டுமாம்! கரையில் கட்டை மேல் உட்கார்ந்திருக்கும் உடம்பு வேறு, தண்ணீரில் மிதக்கும் உடம்பு வேறு. மிதக்கும்போது படகு இம்மி வளையும். அந்த இம்மியில் கப்ளிங் கோணலாகும், தண்டு அதிரும், பேரிங் தேயும். ஆகவே மிதக்கவிட்டு, எஞ்சின் அறைக்குள் மல்லாந்து படுத்து, கப்ளிங்கின் இரண்டு தட்டுக்கும் நடுவில் ஃபீலர் கேஜின் தாள் போன்ற தகட்டைச் செருகி, மேலே, கீழே, இடம், வலம் என்று நான்கு இடத்தில் தடவிப் பார்க்கிறார். கண்ணை மூடிக்கொண்டு. விரலுக்கும் தகட்டுக்கும் நடுவில் நடக்கும் அந்தப் பேச்சைப் பக்கத்தில் இருந்து பார்த்தபோது எனக்கு மெய்யாகவே சிலிர்த்தது. எத்தனை எச்.பி. வாங்கினாலும் இந்த மனிதர் தகட்டை எடுத்துவிட்டு “சரி” என்று சொன்ன பிறகுதான் அது படகின் எச்.பி.

குளச்சல் மாமனும் மருமகனும் என்ன ஆனார்கள் என்று கேட்பீர்கள். இரண்டு 9.9தான். மருமகன் விட்டுக்கொடுத்ததற்குக் காரணம் பேச்சு இல்லை, சோதனை ஓட்டம். ஏற்கெனவே ரெட்டை எஞ்சின் வைத்திருக்கும் ஒரு சொந்தக்காரரின் வள்ளத்தை இரவல் வாங்கினார்கள். காலி வள்ளத்தை ஓட்டிப் பார்ப்பதில் பயனில்லை என்று மாமா கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். வலை ஏறியது, ஐஸ் பெட்டி ஏறியது, நான்கு பேர் ஏறினார்கள். மெக்கானிக் ஸ்பார்க் பிளக் வயரில் ஒரு சின்ன மீட்டரை மாட்டினார். இரண்டு எஞ்சினும் முழு வேகத்தில். பிறகு ஒன்றை நிறுத்தி, அதன் காலைத் தண்ணீரைவிட்டுத் தூக்கிவிட்டு, மற்றதை மட்டும். வள்ளத்தின் முன்முனையான அணியம் ஒரு பக்கமாக இழுத்தது. கைப்பிடியை எதிர்ப்பக்கம் சாய்த்துப் பிடித்ததும் நேராகிவிட்டது. வேகம் பாதிக்கும் கீழே போனது. வள்ளம் தண்ணீர் மேல் எழும்பிப் பாய்வதை விட்டுவிட்டு உட்கார்ந்து ஓடியது. ஆனால் ஓடியது! எதிர்க்காற்றில், முழுப் பாரத்தோடு, கரையைப் பார்த்து.

மீட்டர் மட்டும் மெக்கானிக்கைத் திருப்திப்படுத்தவில்லை. இந்த மாதிரிச் சின்ன எஞ்சின்கள் முழு வேகத்தில் 4,500க்கும் 5,500க்கும் நடுவில் சுற்ற வேண்டும். ஒற்றையாக ஓடும்போது அதன் கீழ்க்கோட்டைத் தொடாமல் தடுமாறியது. புரொப்பல்லரின் பிட்ச், அதாவது ஒரு சுற்றுக்கு அது முன்னேற வேண்டிய தூரம், இந்தப் பாரத்துக்குக் கூடுதல். ஒரு அங்குலம் குறைத்தால் இருநூறு சுற்று வரை ஏறும், எஞ்சின் மூச்சு முட்டாமல் இழுக்கும், ரெண்டும் ஓடும்போது உச்ச வேகம் கொஞ்சம் போகும். போகட்டும் என்றார் மாமா. தங்கள் வள்ளத்துக்குப் பிட்ச் குறைந்த புரொப்பல்லர் இரண்டு வாங்கிவர மருமகன் அன்று மத்தியானமே நாகர்கோவிலுக்கு பஸ் ஏறிவிட்டான்.